முப்பத்தாறில் முப்பத்தெட்டு

மார்ச் 4

சம்பந்தி அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று உங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை, அதனால் அதையும் எழுதவில்லை. இது காமிராவைப் பற்றிய கடிதம், அவ்வளவுதான்.

நீங்கள் பழைய சாமான் கடையில் வாங்கி, போகிற வீட்டிலெல்லாம் பெருமையடித்து, கடைசியில் என் மகள் கையில் கொடுத்தீர்களே, அந்தக் காமிரா இங்கேதான் இருக்கிறது. சிட்டுவை நீங்கள் அழைத்துக்கொண்டு போன அன்று மத்தியானம் என் மகள் அதில் புது ரோல் போட்டுப் படம் எடுத்தாள். சிட்டு என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பக்கெட்டுக்குள் இறங்கி நின்றாள். உங்கள் மகன் வந்து பெட்டிகளை ஏற்றியபோது கார் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். கார் போன பிறகும் இவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, பிலிம் தீரவே இல்ல பாரு, இன்னும் போகுது" என்று என்னிடம் வந்து காட்டினாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி.

அதற்கப்புறம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காமிரா அலமாரியில் கிடந்தது. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், மருந்தெல்லாம் குறைத்துவிட்டார்கள். வந்ததும் கேட்டது காமிராவைத்தான். ஸ்டூடியோக்காரரிடம் கொண்டுபோனோம். லீவரைத் தள்ளினால் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. எண் முப்பத்தாறைத் தாண்டிப் போய்விட்டது. "திறந்து பாத்துடலாம்க்கா" என்று அவர் மூடியில் கை வைத்ததும் இவள் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். வெளிச்சம் பட்டால் எல்லாம் போய்விடும் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்களாம். இப்போது அது அவள் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆல்பத்தைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். குழந்தையின் படம் என்று எங்களிடம் ஒன்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் அந்த டப்பாவுக்குள்தான். நான் தையல் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் வந்தால் அவள் கேட்கிற முதல் கேள்வி, "படம் வந்துச்சாம்மா?" என்பதுதான். அதை எப்படி வெளியே எடுப்பது என்று எழுதுங்கள். உங்கள் காமிரா, உங்களுக்குத்தான் அதன் கோளாறு தெரியும்.

சிட்டுவின் பாட்டி

*

மார்ச் 12

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. காமிராவை நான் யாருக்கும் கொடுத்துவிடவில்லை. மருமகள் ஆசைப்பட்டாள் என்று இரவல் கொடுத்தேன். இரவல் பொருளைத் திருப்பித் தருவதுதான் மரியாதை.

எந்தக் காரணத்தைக் கொண்டும் பின்மூடியைத் திறக்க வேண்டாம். ஸ்டூடியோக்காரரை அதன் பக்கத்தில் விட வேண்டாம். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. இருட்டில் பிலிமைக் கையாள்வது எப்படி என்று அந்த ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை.

லீவர் இன்னும் போகிறது என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பிலிமின் ஓரத்து ஓட்டைகள் நடுவில் கிழிந்து, அந்த இடத்திலேயே நின்றிருக்கும். அப்படியானால் அதற்கு முன் எடுத்த படங்கள் பத்திரமாக இருக்கும். இன்னொன்றை இப்போது சொல்ல விரும்பவில்லை. எண் தாண்டியதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முப்பத்தாறு படம் எடுக்கும் ரோலில் நான் எப்போதும் முப்பத்தெட்டு எடுப்பேன் என்பது தங்களுக்கே தெரியும்.

இடது பக்கம் மேலே உள்ள குமிழை, அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தாமல், அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்பிப் பார்க்கவும். இறுக்கம் தெரிந்தால் நல்லது. அதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம். தங்கள் வீட்டில் எதையும் பலமாகத்தான் செய்வீர்கள்.

எங்களைக் குழந்தை பிடிக்கிறவர்கள் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். குழாயைத் திறந்து விட்டுவிட்டு, தொட்டியில் குழந்தையை உட்கார வைத்துவிட்டு, தங்கள் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குழந்தையின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. தூக்கியது நான். அதையும் நினைவில் வைத்துக்கொண்டு பேனாவை எடுப்பது நல்லது.

குழந்தை நலம்.

*

மார்ச் 18

சம்பந்தி அவர்களுக்கு,

குழந்தை நலம். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் இரண்டு வார்த்தை. தாராள மனசு உங்களுக்கு.

நீங்கள் தூக்கியதை நான் மறக்கவில்லை. அன்றைக்கு உங்கள் காலில் விழாத குறையாக நன்றி சொன்னவள் நான். "அவளுக்கு உடம்பு தேறட்டும், பதினஞ்சு நாள்ல கொண்டாந்து விட்டுடறோம்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னதும் நீங்கள்தான். நம்பி நானே சிட்டுவின் சட்டைகளை மடித்துக் கொடுத்தேன். பதினைந்து நாள் கழித்து போன் செய்தால், உங்கள் மகன் வேலை மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்கிறார்கள். அதற்கு அடுத்தாற்போல் விவாகரத்து நோட்டீஸ் வந்தது, ஆஸ்பத்திரி விலாசத்துக்கே. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் உங்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

குமிழைத் திருப்பினேன். சுற்றுகிறது. இறுக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை, பம்பரம் மாதிரி சுற்றுகிறது. என் மகளிடம் சொன்னேன். "அது எப்பவுமே அப்படித்தாம்மா, உள்ள ஒரு பல்லு உடைஞ்சிருக்கு, மாமா சொல்லியிருக்கார்" என்றாள். பல் உடைந்த காமிராவை வாங்கி வைத்துக்கொண்டு எனக்குச் சோதனை சொல்லிக் கொடுக்கிறீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இங்கே கூடம் நிஜமாகவே கோணல்.

காமிராவை அனுப்பச் சொல்லி அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். அனுப்ப மாட்டேன். பதினைந்து நாள் என்று அனுப்பிய குழந்தையே இன்னும் வரவில்லை.

வக்கீல் மனு போட்டிருக்கிறார். டாக்டரும் இவள் தேறிவிட்டாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சிட்டு வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில்தான் இவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அதுவரைக்கும் கையில் பிடித்துக்கொள்ள ஒரு படம் வேண்டும். நான் கேட்பது அதைத்தான். மனசில் இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு உங்களிடம் கெஞ்சுகிறேன் என்று தெரிகிறதா?

சிட்டுவின் பாட்டி

*

மார்ச் 27

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

முதலில் ஒரு விஷயம். இனி வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். வீட்டில் தபால் எடுப்பது இப்போது நான் இல்லை. உறையின் பின்னால் எழுதியிருப்பது இங்கே உள்ள வாசகசாலையின் விலாசம். காலையில் பேப்பர் படிக்க அங்கே போவேன். காமிரா விஷயம் மகனுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

குமிழின் பல் விஷயம் எனக்கு மறந்துவிட்டது. அது என் தவறுதான். அந்தக் காமிராவில் குமிழை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இருட்டில் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தாங்கள் தையல்காரர் என்பதால் சொல்கிறேன். அடர்ந்த கறுப்புத் துணியில், இரண்டு மடிப்பாக, தலையணை உறை மாதிரி ஒரு பை தைக்கவும். ஒரு பக்கம் முழுக்கத் திறந்திருந்து, பொருளை வைத்த பிறகு இரண்டு முறை மடித்து இறுக்கக் கட்டும்படி இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இரண்டு கைகள், சட்டைக் கை மாதிரி, முழங்கை வரைக்கும் வந்து எலாஸ்டிக்கில் முடிய வேண்டும். தையல் ஓட்டைகளில்கூட வெளிச்சம் போகும், ஆகவே தையலின் மேல் ஒரு பட்டி வைத்துத் தைக்கவும். ஜன்னலை மூடிவிட்டு, வீட்டிலேயே இருட்டான அறையில், இதைப் போர்வைக்கு அடியில் வைத்துச் செய்யவும்.

பைக்குள் காமிராவையும் மூடியுள்ள ஒரு சின்னத் தகர டப்பாவையும் வைத்து, கைகளை விட்ட பிறகு, அந்தக் குமிழை மேலே இழுத்தால் பின்மூடி தானாகத் திறக்கும். இடது பக்கம் பிலிம் உருளை இருக்கும். அங்கிருந்து பிலிம் நடுவில் நீண்டு, வலது பக்கம் உள்ள சுருளில் சுற்றியிருக்கும். ஓரங்களை மட்டும் தொடவும். நடுவில் விரல் பட்டால் அங்கே உள்ள படம் போய்விடும். வலது பக்கம் தடிமனாக இருந்தால் படம் இருக்கிறது என்று அர்த்தம். அவசரப்படாமல் அதை அவிழ்த்து, உருளையின் முனையைக் கையால் திருப்பித் திருப்பி உள்ளே இழுத்து, டப்பாவில் போட்டு மூடிய பிறகே கையை வெளியே எடுக்கவும்.

மகளைச் செய்யச் சொல்ல வேண்டாம். தாங்களே செய்யவும்.

குழந்தை வாயைக் குவித்து விசில் அடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. சத்தம் வராது, காற்றுதான் வரும். இரண்டு வார்த்தைதான் எழுதினேன் என்று குறைப்பட்டீர்களே என்று எழுதினேன்.

*

ஏப்ரல் 6

சம்பந்தி அவர்களுக்கு,

பை தைத்தேன். நீங்கள் சொன்னதற்கு மேலேயே ஒரு மடிப்பு வைத்து, மூன்று மடிப்பாகத் தைத்தேன். என் மகள் கையில் எலாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நெடுநாளைக்கப்புறம் அவள் என்னோடு உட்கார்ந்து ஒரு வேலை செய்தது அன்றைக்குத்தான். "எலாஸ்டிக் இன்னும் கொஞ்சம் இறுக்கும்மா, வெளிச்சம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்புறம் அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வலது பக்கம் தொட்டேன். நூல் சுற்றாத பாபினை நான் எத்தனை தொட்டிருப்பேன், அது எப்படி இருக்கும் என்று இந்த விரலுக்குத் தெரியாதா? வழுவழுவென்று வெறும் கட்டை. இடது பக்கம் உருளையிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை, பிலிம் வலது பக்கம் போகவே இல்லை. திரும்பத் திரும்பத் தடவினேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சிட்டு கண்ணாடி போட்டது, பக்கெட்டில் நின்றது, ஜன்னலில் மூக்கை வைத்தது எல்லாமே லீவர் தள்ளிய சத்தம்தான். கார் போன பிறகும் அவள் எடுத்துக்கொண்டிருந்தாளே, அதுவும் சத்தம்தான்.

அந்தத் துண்டை வெளிச்சத்தில் கொண்டுவந்து பார்த்தேன். இனி வெளிச்சம் பட்டால் என்ன? முனையைக் கத்தரியால் வெட்டியிருந்தது. என் தையல் கத்தரி, அதன் வெட்டு எனக்குத் தெரியும். உடனே ஞாபகம் வந்தது. அன்று மத்தியானம் இவள் என்னிடம் கத்தரி வாங்கிக்கொண்டு போனாள். "பிலிம் முனையில நீட்டிக்கிட்டிருக்கிற நாக்கை வெட்டிட்டுப் போட்டா ரெண்டு படம் அதிகம் வரும்னு மாமா சொல்வார்" என்றாள். ஐயா, முப்பத்தாறில் முப்பத்தெட்டு எடுக்கிற புண்ணியவானே, உங்கள் கஞ்சத்தனம் எங்கள் வீட்டில் எல்லாப் படத்தையும் தின்றுவிட்டது. எண் முப்பத்தாறைத் தாண்டியபோது வேறு எந்த வீடாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். இவள் உங்கள் வீட்டு மருமகள் அல்லவா, அதிர்ஷ்டம் என்று சந்தோஷப்பட்டாள்.

அந்த இன்னொரு காரணத்தைச் சொல்ல விரும்பவில்லை என்று முதலிலேயே எழுதினீர்கள். அப்போதே தெரியும், இல்லையா? தெரிந்துகொண்டே என்னைப் பை தைக்க வைத்தீர்கள்.

சிட்டுவின் பாட்டி

*

ஏப்ரல் 15

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தெரியாது. பயந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. கிழிந்து நின்றிருக்கும் என்றுதான் நினைத்தேன், அப்படி நினைக்கவே விரும்பினேன். மருமகளுக்காக இல்லை என்று நீங்கள் சொன்னால் சொல்லுங்கள். என் பேத்திதான் அதில் இருந்தாள்.

நாக்கை வெட்டியதால் மட்டும் இது நடக்கவில்லை. அந்தக் காமிராவை நான் வாங்கும்போதே வலது பக்கச் சுருளில் உள்ள பிளவு தேய்ந்து அகன்றிருந்தது. பிலிமை அதில் செருகினால் நிற்காது. நான் செருகும்போது முனையை நகத்தால் ஒரு மடிப்பு மடிப்பேன். அந்த மடிப்பு பிளவில் மாட்டிக்கொள்ளும். எத்தனையோ ரோல்கள் போட்டிருக்கிறேன், ஒன்றும் தவறியதில்லை. வெட்டுவதை மருமகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மடிப்பதைச் சொல்லவில்லை. கை தானாகச் செய்வதை யார் எடுத்துச் சொல்வார்கள்? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, ஒரு காகிதத்தை வெட்டி விரலில் செருகிப் பார்த்தபோதுதான் நான் அதைச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. வாசகசாலையில் பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உங்கள் கோபத்தை நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கஞ்சத்தனம் என்று எழுதியது அதிகம். இரண்டு படம் கூடுதலாகக் கிடைத்தால் அதில் யார் முகம் இருந்தது என்று அந்த ஆல்பத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லா ரோலிலும் கடைசி இரண்டு உங்கள் பேத்திக்குத்தான்.

மகளிடம் என்ன சொன்னீர்கள்?

*

ஏப்ரல் 22

சம்பந்தி அவர்களுக்கு,

என்ன சொல்வேன்? கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிலிம் பத்திரமாக டப்பாவில் இருக்கிறது, ரொம்பப் பழசாகிவிட்டதால் இங்கே கழுவ முடியாதாம், பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டுமாம், நாளாகும் என்று ஒரே மூச்சில் புளுகிவிட்டேன். டப்பாவைக் கையில் வாங்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே உருளை உருண்டது. அதற்கே அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு இரண்டு தடவை சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பொய்யைச் சொல்லியாகிவிட்டது. இனி அதை நீங்கள்தான் மெய்யாக்க வேண்டும். காமிராவை இத்தோடு அனுப்புகிறேன். அனுப்ப மாட்டேன் என்று சொன்ன வாயாலேயே சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இரவல் தீர்ந்தது. புது ரோல் ஒன்றும் வைத்திருக்கிறேன். அதில் சிட்டுவை எடுங்கள். பழைய படமாக இருக்க முடியாது, குழந்தை வளர்ந்திருப்பாள், அது எனக்குத் தெரியும். சிட்டுவின் தாத்தா மனசு இரங்கி எடுத்து அனுப்பினார் என்று சொல்லிக்கொள்கிறேன். பழைய ரோலை அப்புறம் மறந்துவிடுவாள்.

ஒரு கண்டிஷன். நீங்கள் கழுவிப் பார்த்து, எது அனுப்பலாம், எது கூடாது என்று பொறுக்கி எடுக்க வேண்டாம். உங்கள் வீட்டார் பொறுக்கிக் கொடுத்ததை வாங்கிக்கொண்ட காலம் முடிந்தது. ரோலை அப்படியே அனுப்புங்கள். இங்கே நானே கழுவிக்கொள்கிறேன்.

காமிராவைச் சுற்றியிருப்பது ஒரு கவுன். நான் தைத்தது. அளவு தெரியாமல் தைத்தேன். ஊரில் உள்ள குழந்தைகளுக்கெல்லாம் அளவெடுக்கிறேன், என் பேத்திக்குக் கடைக்கு வந்த ஒரு பெண்குழந்தையை நிறுத்தி, அதைப் பார்த்துத் தைக்கிறேன். போட்டுப் பார்த்துவிட்டு எங்கே குட்டை, எங்கே பிடிக்கிறது என்று எழுதுங்கள்.

சிட்டுவின் பாட்டி

*

மே 17

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ரோல் இத்துடன் இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம், மகன் வெளியூர் போகும் வரைக்கும் காத்திருந்தேன்.

இந்த முறை நாக்கை வெட்டவில்லை. முழு நீளத்தையும் செருகி, முனையை மடித்து, பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே லீவரை இரண்டு தடவை தள்ளி, பிலிம் நகர்கிறது, இரண்டு ஓரத்து ஓட்டைகளும் பல்லில் உட்கார்ந்துவிட்டன என்று கண்ணால் பார்த்த பிறகே மூடினேன். குமிழின் பல்லையும் ஒரு கடிகாரக்காரரிடம் கொடுத்துச் சரி செய்துவிட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் அது திரும்பியதைப் பார்த்தேன். முப்பத்தாறில் லீவர் நின்றது. முப்பத்தாறே போதும் என்று நானும் நிறுத்திவிட்டேன்.

கவுன் தோளில் சரியாக இருக்கிறது. நீளம் ஒரு சாண் குட்டை. சிட்டு நீங்கள் நினைப்பதைவிட வளர்ந்துவிட்டாள். கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்து அதிலேயே தூங்கினாள். யார் தைத்தது என்று கேட்டாள். பாட்டி என்று சொன்னேன். எந்தப் பாட்டி என்று கேட்டாள்.

பொறுக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னீர்கள். நான் பொறுக்கவில்லை. வேறு மாதிரி எடுக்க முயன்றும் பார்த்தேன். தோட்டத்துக்குத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனேன், மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்னால் முடிந்தது இவ்வளவுதான். பிரிண்ட் வந்ததும் முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள். ஏன் என்று பார்க்கும்போது தெரியும். எழுத எனக்குக் கை வரவில்லை, இவ்வளவு நாளாக வரவில்லை.

*

மே 29

சம்பந்தி அவர்களுக்கு,

எல்லாம் வந்திருக்கிறது. ஸ்டூடியோக்காரர், "இவ்ளோ சுத்தமா ஒரு ரோல் வந்து நாளாச்சுக்கா, எடுத்தவர் கை தெரிஞ்ச கை" என்றார். உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

கடையைப் பூட்டிக்கொண்டு வெட்டும் மேஜையில் பரப்பிப் பார்த்தேன். முதல் படத்திலேயே ஒரு பெண் சிட்டுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். நான் தைத்த கவுனுக்கு அவள்தான் பின்னால் பொத்தான் போட்டு விடுகிறாள். சிட்டு அவள் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள். அவள் கையிலிருந்து சாப்பிடுகிறாள். அவள் விரலில் கல்யாண மோதிரம் இருக்கிறது, உங்கள் மகன் மறுகல்யாணம் செய்துகொண்டுவிட்டார். அதனால்தான் வீட்டில் தபால் எடுப்பது நீங்கள் இல்லை என்றீர்கள். நான் அதைப் படித்துவிட்டு, யாரோ வேலைக்காரி என்று நினைத்தேன். கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பியது மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டோ, குழந்தையைத் தள்ளி உட்கார வைத்தோ ஒரு படம் இருந்தால் நெஞ்சில் அடித்துக்கொண்டு கோர்ட்டுக்குக் கொண்டு போயிருப்பேன். எல்லாவற்றிலும் குழந்தை சிரிக்கிறாள்.

கத்தரியை எடுத்தேன். எத்தனை துணியை வெட்டியிருக்கிறேன், ஒரு படத்தில் ஒருத்தியை வெட்டி எடுக்க எனக்குத் தெரியாதா என்று உட்கார்ந்தேன். இருப்பதிலேயே நல்ல படம், சிட்டு எழுந்து நிற்கிற படம். அவள் பக்கத்தில் அந்தப் பெண்ணின் தோளும் கையும் மட்டும்தான் தெரிகின்றன. ஓரமாக வெட்டிக்கொண்டே வந்தேன். வந்து பார்த்தால், சிட்டு அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான்கு விரலையும் மடக்கி, இறுக்கமாக. அவளை வெட்டினால் குழந்தையின் விரல் போகிறது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

தோட்டத்தில், மாடியில் நீங்கள் தனியாக எடுத்ததையும் பார்த்தேன். ஒன்றில்கூட சிட்டு உங்களைப் பார்க்கவில்லை. பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். குழந்தை எப்படிப்பட்டவளைப் பார்த்து அப்படிச் சிரிக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

முப்பத்தாறும் பழுதில்லாமல் விழுந்திருக்கின்றன. அதில் ஒன்றைக்கூட என் மகளிடம் கொடுக்க முடியாது. எல்லாவற்றையும் கறுப்புப் பைக்குள் போட்டு, கடையில் துணி அடுக்குக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அவளிடம் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. லேபிலிருந்து பதில் வந்துவிட்டதா என்று தினமும் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடப் பார்க்கிறாள். அதனால் நேற்றுச் சொல்லிவிட்டேன். படம் விழவில்லை, பிலிம் உள்ளே மாட்டிக்கொள்ளவே இல்லையாம், முதலிலிருந்தே ஓடவில்லையாம் என்றேன். இந்தப் படங்களை மறைக்க எனக்கு வேறு பொய் கிடைக்கவில்லை. உண்மையைத்தான் எடுத்து நீட்ட வேண்டியிருந்தது. அழுவாள், மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள் என்று பயந்து, மாத்திரையையும் தண்ணீரையும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் அழவில்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி முதுகைத் தடவிக் கொடுத்தாள். "போனா போகுதும்மா. அவதான் வரப்போறாளே. வந்ததும் வேற ரோல் போட்டு எடுத்துக்கலாம். காமிராவ மட்டும் மாமாகிட்டயிருந்து கேட்டு வாங்கி வை" என்றாள்.

காமிராவைக் கேட்டுவிட்டேன். இதற்கு என்ன பதில் எழுதுவது என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். எனக்குத் தெரியவில்லை.

சிட்டுவின் பாட்டி